பழைய டீசல் பிக்கப் இழுக்க மறுத்தால்: பம்பில் கை வைப்பதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது: 1990களின் கடைசியில் வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். கம்ப்யூட்டர் கிடையாது, இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புவது ரோட்டரி டீசல் பம்ப். ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது, ஐடிலிங்கும் சீராக இருக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. 80ஐத் தொடவே வெகுநேரம் ஆகிறது, சாதாரண ஏற்றத்துக்கே மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களும் சர்வீஸ் ஆயிற்று. கரும்புகை வரவில்லை. பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பம்ப் கெட்டிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் இந்த அறிகுறிகளுக்குப் பம்ப் காரணமாக இருப்பதைவிட, பம்புக்கு டீசல் ஒழுங்காகப் போய்ச் சேராததோ, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் பம்புக்குத் தெரியாததோ காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டையும் பெரிய செலவில்லாமல் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். பம்பைக் கழற்றினால் டைமிங்கை (டீசல் பாய வேண்டிய தருணத்தை) மறுபடி வைக்க வேண்டும், லைன்களில் ஏர் எடுக்க வேண்டும் (சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்), இல்லாத புதுக் கோளாறுகளுக்கும் வழி திறந்துவிடும்.

"பிக்கப் இல்லை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பத்து விதமான நோய்கள் ஒளிந்திருக்கின்றன. (பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை என்று சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.) அதனால் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், நோய் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டர் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. பழைய டீசலில் அப்படி இல்லை. உள்ளே எவ்வளவு காற்று போக முடியுமோ அவ்வளவும் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். நம் கால் மாற்றுவது டீசலின் அளவை மட்டும்தான். ஆகவே சக்தி குறைந்தால் முதல் கேள்வி, டீசல் போதவில்லையா, காற்று போதவில்லையா? இதற்குச் சைலன்சர் முனையே பதில் சொல்லிவிடும். டீசல் சரியாக வந்து காற்று குறைந்தால், எரியாத கரி கரும்புகையாக வெளியே வரும். டீசலே குறைவாக வந்தால் இருக்கும் காற்றில் அது சுத்தமாக எரிந்துவிடும். புகையும் இருக்காது, இழுவையும் இருக்காது. பலர் "புகையே இல்லை, இன்ஜின் கண்டிஷனில் இருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்தக் காலத்து மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது) முழுதாக மிதித்தால் லேசாக ஒரு கருப்புச் சாயல் தெரிவதுதான் இயல்பு. அதுகூட இல்லையென்றால் சிலிண்டருக்குள் போக வேண்டிய டீசல் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உதவியது "கரும்புகை வரவில்லை" என்ற அந்த ஒரு வரிதான்.

வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணிப் புகையைப் பார்த்தால் போதாது. லோடு இல்லாத இன்ஜின் பாதி உண்மையைத்தான் சொல்லும். ஏற்றத்தில், மேல் கியரில், முழுதாக மிதித்தபடி ஓட்டும்போது பின்னால் வேறு வண்டியில் வருபவர் பார்க்க வேண்டும். இரவில் பின்வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் மெல்லிய புகைகூட நன்றாகத் தெரியும். அப்போது கண்ணை எரிக்கிற வெள்ளை அல்லது சாம்பல் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் நேரத்துக்கு எரியவில்லை என்று பொருள்: டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்திருக்கலாம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

இன்ஜினுக்குப் போகும் முன், இன்ஜின் மேல் தவறே இல்லாத சில விஷயங்களை முடித்துவிடலாம். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொடாமலே வெப்பம் தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிக்கப்களில் பின்பக்க டிரம்மும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இதற்குப் பேர் போனவை. சமதளத்தில் நியூட்ரலில் விட்டுக் கையால் தள்ளிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது கிளட்ச். டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஏற்றத்தில் முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் எகிறி, வேகம் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. டீசலைத் தேடிப் பயனில்லை. டயரையும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தால், விட்டம் 10 சதவீதம் கூடினாலே எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். வண்டி உண்மையில் 88ல் போக, முள் 80 காட்டிக்கொண்டிருக்கும். மலைப்பகுதியில் ஓட்டுபவர்கள் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டர்போ இல்லாத டீசல் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். அது நோயே இல்லை.

பெடல் கதை கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தவறாமல் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரை உட்கார வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பம்பின் அருகே நின்று, பம்ப் லீவர் கடைசி ஸ்டாப் ஸ்குரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாமல் நின்றால் கையால் லீவரை இன்னும் தள்ள முடியும். அப்படித் தள்ள முடிந்தால் கேபிள் நீண்டுவிட்டது, அல்லது பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்து கிடக்கிறது, அல்லது பெடல் கம்பியே வளைந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் கால் தரையைத் தொடுகிறது, பம்புக்கோ முக்கால் மிதிதான் போய்ச் சேர்கிறது. ஐந்து நிமிட வேலைதான். இதைப் பார்க்காமல் நாசிலைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இனி டீசல் வரும் பாதை. இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

பெரும்பாலான ரோட்டரி பம்புகளில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும், இறக்கைகள் கொண்ட சிறிய பம்ப் (வேன் பம்ப்) உள்ளேயே இருக்கிறது. அதாவது டேங்க் முதல் பம்ப் வரையுள்ள முழுப் பாதையும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லை, தரை காய்ந்திருக்கிறது" என்பதால் இந்தப் பாதை சரி என்று முடிவு கட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தச் சின்ன பம்ப் உண்டாக்கும் உள்ளழுத்தம்தான், ஆர்பிஎம் ஏற ஏற டைமிங்கை முன்னே நகர்த்துகிறது. டீசல் தட்டுப்பாடாக வந்தால் அளவும் குறையும், டைமிங் முன்னேறுவதும் குறையும். இன்ஜின் மேல் ஆர்பிஎம்மில் செத்தமாதிரி இருப்பது இதனால்தான். ஐடிலிங்குக்கு வேண்டிய டீசல் மிகக் கொஞ்சம் என்பதால் அங்கே எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டிங்கும் நன்றாகவே இருக்கும். உங்கள் வண்டி நடந்துகொள்வதும் இப்படித்தான்.

டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நினைவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். பழையதை எறியாமல், அதிலிருக்கும் டீசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரியும், துருத்தூள் தங்கும், சில நேரம் கருப்பாகக் கோழை மாதிரி ஒன்று இருக்கும். கோழை இருந்தால் டேங்கில் தண்ணீர் தேங்கி, டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஃபில்டர் மட்டும் மாற்றினால் சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில், டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் நீளத்துக்கு மாட்டுங்கள். தற்காலிகமாகத்தான். ஐடிலிங்கில் பாருங்கள், பிறகு ஆர்பிஎம்மை ஏற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு சிறு குமிழ்கள் ஃபில்டர் மாற்றிய கையோடு வரும், அடங்கிவிடும். நிற்காமல் குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று இழுக்கிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), தண்ணீர் வடிக்கும் பிளக்கின் ஓரிங், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் உள்ளே ஒடுங்கினால் காற்றுப் பிரச்சினை இல்லை, பின்னால் எங்கோ அடைப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனை கேன் சோதனை. சுத்தமான கேனில் வடிகட்டிய புது டீசலை ஊற்றி, பம்பின் மட்டத்துக்கு மேலே அசையாமல் கட்டி வையுங்கள். சூடாகும் பாகங்களிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். பம்புக்குள் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் நேராக அந்தக் கேனுக்கே கொடுத்துவிடுங்கள். இப்போது டேங்க், லைன், ஃபில்டர் எதுவும் பாதையில் இல்லை. ஏர் எடுத்து, ஒரு சிறு சுற்று போய் வாருங்கள். வண்டி பறந்தால் பம்பில் குறை இல்லை, பின்னால்தான் நோய். கேனிலும் அதே மந்தம் என்றால் டீசல் பாதையை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அரை மணி நேரத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒருமுறை எனக்கே நடந்தது. வண்டியை எடுத்தவுடன் நன்றாக இழுக்கும். 20 நிமிடம் கழித்து ஏற்றத்தில் மெல்ல மெல்ல அடங்கிவிடும். ஓரம் கட்டி அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி உயிர் வந்துவிடும். பம்ப் சூடாகித் தேய்மானம் காட்டுகிறது என்று முடிவு செய்து, ஒரு பட்டறையில் அதை ஓவர்ஹால் செய்தேன். திரும்பி வந்த முதல் நாளே அதே கதை. கடைசியில் டேங்கை இறக்கியபோது, உள்ளே உறிஞ்சும் குழாயின் முனையிலிருந்த வலைச் சல்லடையில் பழைய சீலன்ட் துணுக்குகளும் துருச் செதில்களும் அப்பிக் கிடந்தன. ஓடும்போது உறிஞ்சும் விசை அவற்றைச் சல்லடையோடு ஒட்ட வைக்கும், அணைத்தால் விழுந்துவிடும். அன்றிலிருந்து "சற்று நிறுத்தி எடுத்தால் சரியாகிறதா?" என்று கேட்காமல் நான் எந்த டீசல் வண்டியையும் பார்ப்பதில்லை. இதே அறிகுறியைத் தரும் இன்னொன்று டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபடுவது. வண்டி மந்தமானதும் நிறுத்தி மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

நாசில் சர்வீஸுக்காகவோ வேறெதற்கோ பம்பின் ஹோஸ்களைக் கழற்றியிருந்தார்களா? பாஷ் நிறுவனத்தின் விஇ வகை ரோட்டரி பம்பிலும் அதைப் பின்பற்றிய பம்புகளிலும் டீசல் உள்ளே வரும் போல்ட்டும் வெளியே போகும் போல்ட்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெளியே போகும் போல்ட்டில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. தலையில் "அவுட்" என்று பொறித்திருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கும் நிற்கும், இழுவை மட்டும் காணாமல் போகும். சர்வீஸுக்குப் பிறகுதான் மந்தம் தொடங்கியது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டீசல் பக்கம் சரி என்று ஆகிவிட்டால் காற்றுப் பக்கம். இங்கே, மேலே சொன்ன புகை விதிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் வண்டி அந்த விதிவிலக்காகவே இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டர்போ வண்டியின் பம்ப் தலையில், வட்டமான மூடி ஒன்று சில ஸ்குரூக்களோடு இருக்கும். அதற்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) ஒல்லியான ஹோஸ் ஒன்று வரும். இதை பூஸ்ட் காம்பென்சேட்டர் என்பார்கள்; பூஸ்ட் என்பது டர்போ தரும் காற்றழுத்தம். டர்போ காற்றைத் தள்ள ஆரம்பித்ததும், அந்த அழுத்தம் இந்த ஹோஸ் வழியாக வந்து உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரத்தை அழுத்தும். அதோடு இணைந்த கூம்பு வடிவ ஊசி இறங்கும். அப்போதுதான் பம்ப் கூடுதல் டீசலை அனுமதிக்கும். காற்று வருமுன் டீசல் வந்து புகை தள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அந்த ஒல்லி ஹோஸ் வெடித்தாலோ, கழன்றாலோ, மேனிஃபோல்ட் முனையில் கரி அடைத்தாலோ, டயஃப்ரம் கிழிந்தாலோ, பம்பைப் பொறுத்தவரை டர்போ என்று ஒன்று இல்லவே இல்லை. டர்போ இல்லாத இன்ஜினுக்கு வேண்டிய அளவுதான் டீசல் கொடுக்கும். புகை வராது, ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும், ஐடிலிங் சீராக இருக்கும், ஏற்றத்தில் மட்டும் வண்டி மூச்சு வாங்கும்.

இன்னும் ஒரு சிக்கல். டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்டின் வெப்பமும் வேகமும். டீசல் குறைந்தால் எக்ஸாஸ்ட் வலுவும் குறையும், டர்போவும் சோம்பலாகச் சுற்றும். கேஜ் மாட்டிப் பார்ப்பவர் "பூஸ்ட் குறைவு, டர்போ போயிற்று" என்று சொல்லிவிடுவார். புது டர்போ போட்டாலும் பூஸ்ட் அதே அளவுதான் இருக்கும்.

சோதிப்பது எளிது. ஒல்லி ஹோஸைக் கழற்றி விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் தெரியும். மேனிஃபோல்ட் முனையில் மெல்லிய கம்பியை விட்டுக் கரியை எடுங்கள். பிறகு காம்பென்சேட்டர் பக்கம் அழுத்த மானியுள்ள கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுத்துப் பிடியுங்கள். முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது தனியாகக் கிடைக்கும், அதற்காகப் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. மூடியைத் திறக்கும்போது டயஃப்ரம் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கூம்பு ஊசி ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் அதிகமாகவும் செதுக்கப்பட்டது. திருப்பி வைத்தால் அளவு மாறிவிடும்.

பூஸ்டை அளக்க அந்த ஒல்லி ஹோஸிலேயே ஒரு டீ இணைப்பு போட்டு, கேஜை உள்ளே கொண்டுவரலாம். நின்றபடி ரேஸ் பண்ணினால் முள் அசையாது, பயப்பட வேண்டாம். மூன்றாவது கியரில், ஏற்றத்தில், முழு மிதியில் பார்க்க வேண்டும். இந்த வயது பிக்கப்களில் பொதுவாக 0.5 முதல் 0.8 பார் வரை வரும். சரியான எண் உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைவாக இருந்தால், டர்போவைச் சந்தேகிக்கும் முன் டர்போவிலிருந்து மேனிஃபோல்ட் வரையுள்ள தடித்த ஹோஸ்களைக் கையால் தடவுங்கள். அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் எப்போதும் வெடிக்கும். டர்போவுக்குப் பின் ஆயில் ஈரம் லேசாக இருப்பது வழக்கம். ஹோஸின் வெளியே ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு தெறித்திருந்தால் அங்கே கிழிந்திருக்கிறது. முழு மிதியில் மட்டும் கேட்கும் சீறல் சத்தமும் அதைத்தான் சொல்கிறது. காம்பென்சேட்டர் நன்றாக வேலை செய்யும் வண்டியில், இந்தக் கசிவும் கரும்புகை இல்லாமலே இழுவையைக் குறைக்கும், ஏனென்றால் அழுத்தம் குறைந்ததைப் பார்த்துப் பம்பும் டீசலைக் குறைத்துக்கொள்கிறது.

டர்போவை நேரில் பார்க்க, இன்ஜின் ஆறிய பிறகு இன்டேக் குழாயைக் கழற்றி, நடுத் தண்டை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு துளி ஆட்டம் இருக்கும், இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் உணரக் கூடாது. இறக்கை சுற்றுச்சுவரை உரசிய தடம் இருந்தால் டர்போ முடிந்தது. வேஸ்ட்கேட்டின் (அதிகப்படியான எக்ஸாஸ்டை டர்போவைச் சுற்றி விலக்கிவிடும் கதவின்) கம்பி துருவேறித் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு சந்தேகங்களையும் பிரிக்க நீங்களே ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். மந்தம் எப்போதும் ஒரே அளவில் இருந்து, டர்போ இல்லாத வண்டியை ஓட்டுவது போலவே இருந்தால் காம்பென்சேட்டர் அல்லது பூஸ்ட் கசிவு. ஓட ஓட மோசமாகி, ஆர்பிஎம் ஏற ஏற அடங்கி, நிறுத்தி எடுத்தால் சரியானால் டீசல் பாதை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு இருந்து, அது மூடாமல் சிக்கினால் எரிந்த வாயு அளவில்லாமல் திரும்ப உள்ளே போகும். அப்போது கரும்புகை நிச்சயம் வரும், உங்களுக்கு வரவில்லை. சைலன்சரின் உள் தகடு பிய்ந்து வழியை மூடினாலும், அடியில் குழாய் கல்லில் பட்டு நசுங்கினாலும் இழுவை போகும். சைலன்சருக்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தி ஒரு சிறு சுற்று போனால் தெரிந்துவிடும், சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் குளோ பிளக்குக்கும் ஓடும்போது உள்ள இழுவைக்கும் சம்பந்தம் இல்லை, யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், பெல்ட் எப்போது மாறியது, மந்தம் எப்போது தொடங்கியது என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வையுங்கள். பம்ப் புல்லி ஒரு பல் பிந்தி மாட்டப்பட்டால், சத்தம் இதமாகிவிடும், "இன்ஜின் சைலன்ட் ஆகிவிட்டது" என்று பாராட்டு வாங்கும், ஆனால் வண்டி இழுக்காது, வெளிர் புகையும் வரும். மிட்சுபிஷி 4டி56 போன்ற இன்ஜின்களில் பெல்ட். இசுசு 4ஜேஏ1, 4ஜேபி1 போன்றவற்றில் பல்சக்கரம். பல் தாவும் கவலை இல்லை, ஆனால் பம்பைக் கழற்றி மாட்டியபோது கோணம் மாறியிருக்கலாம். காதால் கேட்டு டைமிங் வைப்பதை நான் நம்புவதில்லை. பம்பின் பின்பக்க பிளக்கைக் கழற்றி, டயல் கேஜ் மாட்டி பிளஞ்சரின் (பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டின்) நகர்வை மேனுவலில் உள்ள அளவுக்கு வைப்பதுதான் முறை.

டேப்பெட் (வால்வு இடைவெளி) அதிகம் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, சூடானதும் கம்ப்ரஷன் நழுவும். பழைய இன்ஜினில் இது செலவில்லாத திருத்தம், செய்துவிடுங்கள். கம்ப்ரஷனை அளப்பதானால் டீசலுக்குரிய கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜின் முள் போதாது. நல்ல நிலையில் உள்ள பல பழைய டீசல்கள் 25 முதல் 30 பார் வரை காட்டும். 20க்குப் பக்கத்தில் வந்தால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் 5 பாருக்கு மேல் தாழ்ந்திருப்பது எல்லாம் சமமாகத் தேய்ந்திருப்பதைவிட மோசம். கேஜ் இல்லாவிட்டால், சூடான இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி அதே வாயில் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, உள்ளிருந்து புகை குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே போகிறது. உங்கள் வண்டி காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது என்பதால் இங்கே பெரிய கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் லைன் நட்டையும் சற்றே தளர்த்திப் பார்ப்பது பழைய வழக்கம். தளர்த்தியதும் ஆர்பிஎம் இறங்கினால் அந்த சிலிண்டர் நல்லது; மாற்றமே இல்லையென்றால் நோயாளி அதுதான். மெக்கானிக்கல் பம்பில் இதைத் துணியால் மூடி, கண்ணாடி அணிந்து, கை படாமல் செய்யலாம். காமன் ரெயில் இன்ஜினில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வகை டீசலில்) ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய காயம் அது.

காமன் ரெயில் வண்டி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு வழி வேறு. ஃபில்டரும் பூஸ்ட் ஹோஸும் அங்கேயும் முதலில்தான் வரும். அதற்குப் பிறகு ஸ்கேனர் மாட்டி, முழு மிதியில் கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் சேர்ந்து போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், கரியடைத்த பூஸ்ட் சென்சார், வெடித்த வேக்குவம் ஹோஸ், சிக்கிய டர்போ இறக்கைகள், ரிட்டர்னில் அதிகமாக டீசலை விடும் இன்ஜெக்டர், இவை அங்கே வழக்கமானவை. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் பூட்டிக்கொண்டால், அணைத்து எடுத்ததும் சரியானால், அது கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்தது. உள்ளே கோளாறுக்கான குறியீடு பதிவாகியிருக்கும்.

உங்களிடம் யாராவது "பம்பின் டீசல் ஸ்குரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பினால் போதும், பறக்கும்" என்று சொல்லக்கூடும். திருப்பினால் பறக்கத்தான் செய்யும், சில மாதங்களுக்கு. டீசல் தட்டுப்பாட்டையோ பூஸ்ட் கசிவையோ மறைத்துவிட்டு அளவை மட்டும் கூட்டினால் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். டர்போவுக்கு முன்னால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் தலையும் ஹெட்டும்தான் விலை கொடுக்கும். ஸ்குரூவுக்கு ஃபேக்டரி சீல் இருந்தால் அதைத் தொடவிடாதீர்கள். சீல் ஏற்கெனவே உடைந்திருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். யாரோ முன்பு குறைத்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஆக, உங்கள் வண்டிக்கு நான் போகும் வரிசை: பம்ப் லீவர் ஸ்டாப்பைத் தொடுகிறதா, சக்கரம் சூடாகிறதா, டீசல் ஃபில்டர், தெளிவான ஹோஸ், பம்ப் தலையின் ஒல்லி ஹோஸும் டயஃப்ரமும், தடித்த பூஸ்ட் ஹோஸ்கள், அப்புறம் கேன் சோதனை. ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அதே ஏற்றத்தில் அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இவ்வளவும் பார்த்து, கேனிலிருந்து டீசல் கொடுத்தும் மந்தம், டயஃப்ரம் அழுத்தம் பிடிக்கிறது, பூஸ்ட் பாதையில் கசிவு இல்லை, டைமிங் கேஜில் சரி, அதன் பிறகும் புகையில்லாமல் திணறுகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி, பம்பைக் கழற்றலாம். அப்போதும் நேராக ஓவர்ஹால் என்று ஒப்புக்கொள்ளாமல், முதலில் அதை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, முழு லோடு டீசல் அளவு, உள்ளழுத்தம், டைமிங் முன்னேறும் அளவு மூன்றையும், பம்பைப் பிரிக்கும் முன்னும் பின்னும் எழுதித் தரச் சொல்லுங்கள்.